அச்சு சூடேறட்டும்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் ஈயம் உருக்கிக் குண்டு வார்க்கிறேன் என்று சொன்னால், ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றுதான். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மற்றதைப் பேசலாம்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கிழக்கோரமாக, நாசரேத் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்து இந்த வட்டாரத்தில் குடியேறிய கொல்லர்கள் உருவாக்கியதுதான் 'லாங்ரைஃபிள்' என்கிற நீளக்குழல் துப்பாக்கி. ஹென்றி குடும்பத்தார் 1812 வாக்கில் இங்கே புஷ்கில் ஓடைக் கரையில் போட்ட துப்பாக்கித் தொழிற்சாலையின் நினைவாக, ஜேக்கப்ஸ்பர்க்கில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிகளின் மேப்பிள் மரக் கட்டையையும் பித்தளை வேலைப்பாட்டையும் பார்க்கப் போய்த்தான் எனக்கு இதில் பைத்தியம் பிடித்தது. இங்கே இது செத்துப்போன பழங்கலையும் இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பென்சில்வேனியாவில் ஒரு மான் வேட்டைப் பருவம் வரும். அதில் சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் துப்பாக்கி மட்டும்தான் அனுமதி. நான் வேட்டைக்குப் போவதில்லை. கிளப் மைதானத்தில் காகித இலக்கில் சுடுவதோடு சரி.

நம் ஊரில் நரிக்குறவர்கள் தோளில் போட்டுக்கொண்டு போன துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலை சட்டென்று புரியும். குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டைப் போட்டு, கம்பியால் கிட்டித்துவிட்டுச் சுட வேண்டும். ரைஃபிளில் கூடுதலாக ஒன்று உண்டு. குழலின் உட்சுவரில் சுருளாகக் காடி வெட்டியிருப்பார்கள். உருண்டைக் குண்டை எண்ணெயில் நனைத்த ஒரு சின்னப் பருத்தித் துணியில் வைத்து அழுத்தி இறக்கினால், அந்தத் துணிதான் காடியைக் கவ்விக்கொண்டு குண்டைச் சுழல வைக்கும். துணியின் நெசவு குண்டின் மேல் லேசாகப் பதியும். அப்படிப் பதிய வேண்டும் என்றால் குண்டு மெத்தென்று இருக்க வேண்டும். அதற்கு வேண்டியது தூய காரீயம்.

கடையில் குண்டு கிடைக்காமல் இல்லை. அச்சில் அழுத்திச் செய்த குண்டுகள் டப்பா டப்பாவாக விற்கிறார்கள், நன்றாகவும் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரைஃபிளும் கையால் செய்ததால் ஒவ்வொன்றின் உள்விட்டமும் கொஞ்சம் வேறாக இருக்கும். அதனால் துப்பாக்கி செய்த கொல்லரே அதற்கேற்ற குண்டு அச்சையும் செய்து சேர்த்துக் கொடுப்பார். அந்த அச்சு இல்லாமல் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வார்ப்பைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று இருந்தது. கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எண்பதைத் தொடப்போகிறவர், என் மகளுக்கு அவர் 'தாத்தா'. இரும்பு உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் உருகிய உலோகத்தின் பக்கத்தில் எப்படி நிற்க வேண்டும் என்பது அவர் உடம்பிலேயே ஊறியிருக்கிறது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குக் குண்டு வார்க்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதென்றால் வேண்டும். மாநிலச் சட்டங்கள் வேறுபடும், தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கிச் சட்டமே வேறு. இந்தியாவில் 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி தோட்டாவோ அதன் பாகங்களோ உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். ஆகவே அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, ஈயத்துக்கு வருவோம். தூய காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வீட்டு அடுப்பே எட்டக்கூடிய சூடுதான். அதுதான் இதன் வசதி, ஆபத்தும் அதுதான். இந்த வேலையை யாரும் சமையலறையில் செய்துவிட முடியும், ஆனால் எந்தக் காலத்திலும் செய்யக் கூடாது. நான் உருக்குவது கொட்டகையில், இரண்டு பக்கக் கதவையும் திறந்துவைத்து, கேஸ் பர்னர் மேல் ஒரு வார்ப்பிரும்புப் பானையில். அடியில் குழாய் வைத்த மின்சாரப் பானைகளும் கிடைக்கின்றன. பெரியவர் கரண்டியில்தான் பழகச் சொன்னார். இப்போது எனக்கும் கரண்டிதான் பிடித்திருக்கிறது. எவ்வளவு ஊற்றுகிறோம், எந்த வேகத்தில் ஊற்றுகிறோம் என்பது கைக்குத் தெரிகிறது.

ஈயம் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. பழைய வீட்டுக் கூரையின் ஓரங்களில் மழை ஒழுகாமல் பதித்த ஈயத் தகடு, பழைய தண்ணீர்க் குழாய், எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து கழற்றிய தகடு எல்லாம் காயலான் கடைக்கு வரும். பெரும்பாலும் தூய ஈயமாகவே இருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். சிமென்டுத் தரையில் போட்டால் 'தொப்'பென்று விழ வேண்டும், 'கிணீர்' என்று சத்தம் வந்தால் கலப்பு இருக்கிறது. (கீறிப் பார்க்கும்போது கையுறை இருக்காது என்பதால் உடனே போய்க் கை கழுவ வேண்டும்.) கார்ச் சக்கரத்தில் சமநிலைக்காக மாட்டும் எடைத் துண்டுகளை நிறையப் பேர் உருக்குகிறார்கள். அவற்றில் ஆன்டிமனி கலந்திருப்பதால் குண்டு கடினமாக வரும். நவீன கைத்துப்பாக்கிக்கு வார்ப்பவர்களுக்கு அந்தக் கடினம் வேண்டும், துணியில் சுற்றிப் போடும் எனக்கு வேண்டாம். தவிர, இப்போது வரும் துண்டுகளில் பாதி துத்தநாகம் அல்லது இரும்பு. துத்தநாகம் 420 டிகிரியில்தான் உருகும் என்பதால் பானைச் சூட்டை அதற்குக் கீழேயே வைத்திருந்தால் அது மேலே மிதக்கும், அள்ளிப் போட்டுவிடலாம். சூடு தாண்டி அது உருகிக் கலந்துவிட்டால் பானை முழுக்கக் கஞ்சியாகக் கட்டிக்கொள்ளும், அச்சில் ஒழுங்காக நிரம்பாது.

கார் பேட்டரித் தகடு மட்டும் கூடவே கூடாது. அமிலத்தால் மட்டுமில்லை. பேட்டரி ஈயத்தில் ஆர்செனிக், ஆன்டிமனி, கால்சியம் எல்லாம் சேர்ந்திருக்கும். அதை உருக்கி எடுத்த கசடில் பிறகு ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற விஷ வாயுக்கள் வரலாம். நம் ஊரில் ஊருக்கு வெளியே பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் இடங்களைச் சுற்றியிருக்கும் குழந்தைகளை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அது வேறு பெரிய விஷயம்.

வெள்ளீயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டு ரசச் சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால்தான், உள்ளே புளித்தண்ணீர் இல்லாமல் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி ஓட்டையாகிறது. காரீயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நன்றாக நிரம்பும். வரிப்பள்ளம் வெட்டிய நீளக் குண்டு வார்ப்பவர்கள் அதனால் சேர்க்கிறார்கள். உருண்டைக் குண்டில் மூலையும் இல்லை, முடுக்கும் இல்லை. எனக்குத் தேவைப்படவில்லை.

உருகிய ஈயத்தைப் பார்ப்பது அலாதியான அனுபவம். கட்டி கட்டியாக, சாம்பல் நிறத்தில் கிடப்பது, ஒரு கணத்தில் சரிந்து கண்ணாடியாகிவிடும். முகம் தெரியும். இரண்டு நிமிஷத்தில் மேலே மஞ்சளும் நீலமுமாக ஒரு ஏடு படியும். அது ஆக்சைடு. அப்போது பட்டாணி அளவு தேன்மெழுகைப் போடுவோம். புகை எழும், தீக்குச்சியைக் காட்டினால் அந்தப் புகை பிடித்துக்கொண்டு எரியும், புகைச்சலும் குறையும். காய்ந்த மரக்குச்சியால் அடியோடு கிளறினால் மெழுகிலும் மரத்திலும் இருக்கும் கரி ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு ஈயத்தைத் திரும்பப் பானைக்கே கொடுத்துவிடும். மிச்சம் கறுப்புப் பொடியாக மேலே ஒதுங்கும். அதை மெதுவாக, தூசி கிளம்பாமல் வழித்து மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். இந்தக் கசடுதான் மொத்த வேலையிலும் மோசமான பொருள். குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. இங்கே கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் அபாயக் கழிவு வாங்கும் நாள் வைக்கிறது, அங்கே கொடுத்துவிடுகிறோம்.

இனி நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லாருடைய கண்ணும் பானைமேல்தான் இருக்கும். தெர்மாமீட்டரைப் பார்ப்பார்கள், சூட்டைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். உண்மையில் குண்டு நன்றாக வருவதும் வராததும் அச்சின் சூட்டில் இருக்கிறது. பானை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அச்சைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் அச்சு அலுமினியம், இரண்டு குழி. 0.490 அங்குலம், அதாவது 12.4 மில்லிமீட்டர் விட்டம். புது அச்சில் தயாரிப்பு எண்ணெய் இருக்கும், பாத்திர சோப்பும் பழைய பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவி முழுக்க உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறவரை குண்டு சொரசொரப்பாகத்தான் வரும். பிறகு தீக்குச்சிச் சுடரைக் குழிக்குள் காட்டி மெல்லிய கரிப்படலம் படிய விடுவேன். ஈயம் வழுக்கிக்கொண்டு நிரம்பும், விடுபடவும் செய்யும்.

இந்த அச்சு ஆறியிருக்கும்போது ஊற்றினால், ஈயம் சுவரைத் தொட்ட மாத்திரத்தில் உறைந்து, அடுத்து வரும் ஈயம் அதன்மேல் மடிந்து, குண்டு காய்ந்த நெல்லி வற்றலாக வெளியே விழும். யார் வார்த்தாலும் ஆறின அச்சு அதைத்தான் கொடுக்கும். எல்லாவற்றையும் திரும்பப் பானையில் போட்டுவிடலாம் என்பது இந்தக் கலையின் தாராளம். அச்சைச் சூடேற்ற அதன் ஒரு மூலையை உருகிய ஈயத்தில் நனைத்துப் பிடிக்க வேண்டும். முதலில் ஈயம் மூலையில் ஒட்டிக்கொண்டு வரும். அரை நிமிஷம் போல ஆனதும் ஒட்டாமல் வழிந்துவிடும். அப்போது அச்சு தயார். அதன்பிறகு நிற்கவே கூடாது. ஊற்று, காத்திரு, தட்டு, திற, விழ விடு, மூடு, ஊற்று. இந்தத் தாளம் அறுந்தால் அச்சு ஆறிவிடும். நடுவில் வந்த குண்டு எப்படி இருக்கிறது என்று எடுத்து எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் புதியவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். வேலையெல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஊற்றுகிற அந்தச் சில விநாடிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அச்சின் மேல் ஒரு தகடு, அதில் ஊற்றுவாய். கரண்டியிலிருந்து ஒரே சீராக விட்டு, குழி நிரம்பிய பிறகும் நிறுத்தாமல் ஊற்றுவாய்க்கு மேல் ஒரு குட்டை தேங்கும்படி விட வேண்டும். ஈயம் உறையும்போது கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம் சுருங்கும். அந்தக் குறையை நிரப்ப உள்ளே இருக்கும் குண்டு இந்தக் குட்டையிலிருந்து ஈயத்தை உறிஞ்சும். உற்றுப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். பளபளவென்று இருக்கும் குட்டையின் நடுவில் ஒரு சின்னக் குழி விழும், பிறகு சட்டென்று மேற்பரப்பு மங்கும். மங்கிய பிறகும் சில விநாடி பொறுத்து மரக்கட்டையால் தகட்டைத் தட்டினால் குட்டை தனித் துண்டாக வெட்டுப்பட்டுக் கழன்றுவிடும். குட்டை சின்னதாகப் போனால் குண்டு உறிஞ்ச எதுவும் இருக்காது. வெளியே அழகாக இருக்கும், உள்ளே ஒரு காற்றுப் பொத்தல் உட்கார்ந்திருக்கும். சுட்டால் ஆடிக்கொண்டு போகும்.

அச்சைத் திறந்ததும் குண்டு மடித்துப் போட்ட பழைய பருத்தித் துண்டின்மேல் விழ வேண்டும். தூய ஈயம் சூடாக இருக்கும்போது அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று மோதினால் தட்டையாகிவிடும்.

போகப்போக அச்சு அதிகம் சூடேறும். குட்டை உறைய நேரம் பிடிக்கும். குண்டின் மேல் பனி படிந்த மங்கல் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, சுருக்கத்தைவிட மங்கல் எவ்வளவோ தேவலாம். தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் திரும்பப் பளபளப்புக்கு வந்துவிடும். தூய ஈயத்துக்கு நான் பானையை 420 டிகிரி வாக்கில் வைக்கிறேன். கலப்பு ஈயம் வார்ப்பவர்களுக்கு 370 போதும். ஆனால் இந்த எண்களைவிடக் குட்டை எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்பதே நம்பகமான அளவு. இதை எழுத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை, பெரியவரின் அச்சைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது புரிந்தது.

எல்லாம் ஆறிய பிறகு தராசு. இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, வேலை பார்ப்பதும் மருந்தகத்தில்தான். 0.490 அங்குலத் தூய ஈயக் குண்டு கணக்குப்படி 11.45 கிராம். துப்பாக்கிக்காரர்கள் 'கிரெயின்' என்ற அளவில் 177 என்பார்கள். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு என்பதால் பவுண்டுக்குக் கிட்டத்தட்ட 40 குண்டு தேறும். பழைய காலத்தில் துப்பாக்கியின் அளவையே இப்படித்தான் சொன்னார்கள். 12 போர் துப்பாக்கி என்று நம் ஊர் ஜமீன் வீடுகளிலும் சொல்வார்களே, ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டு வார்த்தால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ அந்த அளவு குழல் என்று அர்த்தம். என் குண்டுகளில் ஒரு கிரெயினுக்கு மேல் குறைகிறவை, அதாவது 0.065 கிராமுக்கு மேல் இளைத்தவை, பொத்தல்காரர்கள். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பானைக்குத்தான்.

இதில் தண்ணீர் எவ்வளவு கொடிய எதிரி என்று சொல்லாமல் விட முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். உருகிய ஈயத்தின் மேல் விழுகிற சொட்டு பெரும்பாலும் சீறிவிட்டுப் போய்விடும். அதுவே ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பானையில் இருப்பது முழுக்க நம் முகத்துக்கு வரும். ஆகவே ஈரத் துண்டு, தண்ணீர் பாட்டில், குளிர்பானம் எதுவும் கொட்டகைக்குள் கிடையாது. ஈயம் உருகியிருக்கும் பானையில் புது ஈயக்கட்டியை அப்படியே போடக் கூடாது. ஜூலை மாதப் புழுக்கத்தில் குளிர்ந்த கட்டி வியர்த்திருக்கும். பானை விளிம்பில் வைத்துச் சூடுபடுத்தி, ஈரம் போன பிறகே இறக்க வேண்டும். கரண்டியும் அப்படித்தான். முகத்துக்கு முழுக் கவசம், தோல் கையுறை, முழங்கால் தாண்டிய தோல் ஏப்ரன், மூடிய ஷூ, பருத்தித் துணி. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அதைப் போட்டுக்கொண்டு பர்னர் பக்கமே போகக் கூடாது.

பிலடெல்பியாவில், எங்கள் வீட்டிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரத்தில், 142 அடி உயரமான ஒரு செங்கல் கோபுரம் இருக்கிறது. ஸ்பார்க்ஸ் ஷாட் டவர், 1808இல் கட்டியது. உச்சியிலிருந்து உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாக விடுவார்கள். விழும்போது துளிகள் தாமாக உருண்டு, கீழே தண்ணீர்த் தொட்டியில் விழுவதற்குள் உறைந்து சிறுகுண்டுகளாகிவிடும். இந்த முறையைக் கண்டுபிடித்து 1782இல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தில் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ். பறவை வேட்டைக்கான பொடிக் குண்டுகளுக்கு இது நல்ல வழி. பெரிய குண்டுக்கு அச்சுதான். அந்தக் கோபுரத்தைக் கட்டிய கூட்டாளிகளில் ஜான் பிஷப் என்பவர் க்வேக்கர், அதாவது போரே கூடாது என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பிரிட்டனோடு நடந்த 1812 போரில் கோபுரம் போருக்குக் குண்டு செய்யத் திரும்பியபோது தன் பங்கை விற்றுவிட்டு விலகிக்கொண்டார். எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு. வேட்டைக்குக் குண்டு செய்வேன், மனிதர்களைக் கொல்லச் செய்ய மாட்டேன் என்று ஒரு கோடு போட்டார், அதைக் காப்பாற்றினார்.

இன்னொரு கதை கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்தது. 1776 ஜூலை 9ஆம் தேதி நியூயார்க்கில் வாஷிங்டனின் படைக்குச் சுதந்திரப் பிரகடனத்தைப் படித்துக் காட்டினார்கள். அன்று மாலையே ஒரு கூட்டம் போய் பௌலிங் கிரீன் பூங்காவில் இருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. தங்கமுலாம் பூசிய ஈயச் சிலை அது. துண்டுகளில் பெரும்பகுதி அங்கே லிட்ச்ஃபீல்டு என்ற ஊரில் ஆலிவர் வால்காட் என்ற படைத்தலைவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கே பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து உருக்கிக் குண்டு வார்த்துத் தோட்டா கட்டினார்கள். மொத்தம் 42,088. யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ரூத் மார்வின் 11,592. வால்காட் மகள்கள் மேரி ஆன் 10,790, லாரா 8,378. மகன் ஃபிரெடரிக் 936.

அந்த ஃபிரெடரிக்குக்கு அப்போது எட்டு வயது. என் மகளுக்கும் இப்போது எட்டு வயது. இந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்தக் கை ஈயத்தைத் தொட்டுவிட்டு ரொட்டியைத் தொட்டிருக்கும். அன்று யாருக்கும் தெரியாது. இன்று நமக்குத் தெரியும்.

எங்கள் வீடு 1978க்கு முன் கட்டியது. அந்த வருஷம்தான் அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள். மகள் பிறந்து ஒரு வயதுப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் முதலில் கேட்டது வீடு எந்த வருஷத்தது என்றுதான். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள், நல்லவேளையாக எதுவும் இல்லை. அதனால் ஈயத்தைப் பற்றிய பயம் எனக்கு இந்தக் கலைக்கு முன்பே வந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரம்பைக் குறைத்தது. அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று அர்த்தமில்லை, பத்திரமான அளவு என்று ஒன்று கண்டுபிடிக்கப்படவே இல்லை.

நிறையப் பேர் பானையிலிருந்து வரும் ஆவியை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஈயம் கொதிப்பது 1,749 டிகிரியில். 420 டிகிரியில் வரும் ஆவி மிகமிகக் குறைவு. காற்றோட்டம் கட்டாயம் வேண்டும், சரி. ஆனால் பெரிய வழி கையும் வாயும்தான். கசடின் பொடி, குண்டைத் தொட்ட விரல், மேசையில் படிந்த தூசி, அந்த விரலால் எடுத்த முறுக்கு. ஆகவே கொட்டகையில் சாப்பாடு, காபி, போன் எதுவும் கிடையாது. வார்க்கும் துணி அங்கேயே கழற்றி ஒரு மூடிய வாளியில் போகும், தனியாகத்தான் துவைப்பேன். ஷூ வீட்டுக்குள் வராது. தலையில் துணி கட்டிக்கொள்வேன், வந்ததும் தலைக்குக் குளியல். தரையைப் பெருக்க மாட்டேன், பெருக்கினால் தூசி எழும்பும். எல்லாம் ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்து எடுப்பேன். கரண்டி, பானை, துண்டு எதுவும் சமையலறைக்குத் திரும்பாது. ஈயம் எலும்பில் போய்ப் பல வருஷம் தங்கி, கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு இறங்கும். பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிற பெண்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஆரம்பிக்கும் முன்பே நான் ரத்தப் பரிசோதனை செய்து ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப எடுக்கிறேன். ஏறினால் நிறுத்திவிடுவேன், இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

மகளுக்கு இதில் ஆசை வந்துவிட்டது, வராமல் இருக்குமா? கொட்டகை வாசலுக்கு வெளியே, தோட்டத்து பெஞ்சுவரைக்கும்தான் அவளுக்கு அனுமதி. அங்கிருந்து கண்ணாடியாகும் ஈயத்தைப் பார்த்துவிட்டு "ஏம்மா நான் மட்டும் தொடக் கூடாது?" என்பாள். ஃபிரெடரிக் கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். "அவனுக்கு அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டாள். அவன் நன்றாக வளர்ந்து எழுபது வயதை நெருங்கும்வரை இருந்தான், அதிர்ஷ்டம் என்றேன். அச்சில் வார்க்கும் பழக்கம் அவளுக்குப் பிடிக்கட்டும் என்று சோப்பும் தேன்மெழுகும் அச்சில் ஊற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மெழுகும் ஆறின அச்சில் சுருங்கத்தான் செய்கிறது. அதை அவளே கண்டுபிடித்துவிட்டு, அச்சை வெந்நீரில் வைத்துச் சூடாக்கித் துடைத்துக்கொண்டாள்.

சுட்ட பிறகு ஈயம் எங்கே போகிறது என்பதும் நம் பொறுப்புதான். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டை அமெரிக்கா முழுக்க 1991இலேயே தடை செய்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. வேட்டையாடிய இடத்தில் விட்டுப்போகும் குடலைத் தின்று கழுகுகள் ஈய விஷத்தில் சாகின்றன என்பது இங்கே வேட்டைக்காரர்களுக்கே நன்றாகத் தெரியும். என் குண்டுகள் மைதானத்து மண்மேட்டில் போய்ப் புதைகின்றன. கிளப் அதை அவ்வப்போது சலித்து ஈயத்தை எடுத்துவிடுகிறது. அதில் ஒரு பகுதி திரும்ப எங்கள் பானைக்கே வரும், பெரியவர் பேரம் பேசி வாங்கிவருவார்.

கடைசியாகச் சேமிப்பு. வார்த்த குண்டை அழகான ஓக் மரப்பெட்டியில் போட்டு வைக்க ஆசையாக இருக்கும், பழைய படங்களிலும் அப்படித்தான் பார்த்திருப்போம். ஓக் மரம் மெல்ல விடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். சில மாதத்தில் குண்டுமேல் வெள்ளைப் பொடி படியும். அது விரலில் சுலபமாக ஒட்டும், வாய்க்கும் போகும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாதான் நல்லது. டப்பாமேல் வார்த்த தேதி, ஈயம் எங்கிருந்து வந்தது, சராசரி எடை மூன்றையும் எழுதி ஒட்டுகிறேன். போன வாரம் வார்த்தவை கூரைத் தகட்டு ஈயம், 176.5 கிரெயின். அடுத்து எக்ஸ்ரே அறைத் தகடு கொஞ்சம் கிடைத்திருக்கிறது. அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, காய வைத்து, இலை உதிர்காலம் வந்து புழுக்கம் குறைந்ததும் உருக்க வேண்டும்.